படுத்திருந்தவரின் உயரம்

குடியாத்தம்
11.8.2024

அன்புள்ள கலையரசிக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. குழந்தை கிறுக்கியது போல இருந்தாலும் எழுதுவது ஐம்பத்து நான்கு வயதுக்காரிதான். என் பெயர் மனோரமா. பெயரைச் சொன்னால் உனக்கு ஞாபகம் வருமோ என்னவோ, ஆறாம் நம்பர் கட்டில் என்றால் வந்துவிடும். வேலூரில் நீ வேலை பார்த்த தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் ஒரு குழாயும் மூக்கில் ஒரு குழாயுமாக, இமையைத் தவிர எதையும் அசைக்க முடியாமல் கிடந்தேனே, அதே ஆறாம் நம்பர். காலில் மரத்துப்போகத் தொடங்கிய நரம்பு நோய் ஒரே வாரத்தில் கழுத்துவரை ஏறிவிட்டது என்று டாக்டர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று பாடம் நடத்துவார்கள். அவர்கள் போனதும் நீ என் காதருகே குனிந்து, "இறங்கிடும்மா, ஏறின மாதிரியே இறங்கிடும்" என்பாய். இறங்கிவிட்டது, முக்கால்வாசி.

ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தேன். தொண்டையில் போட்ட ஓட்டை மூடிவிட்டது. குரல்தான் இன்னும் சரியாக வரவில்லை. போனில் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். செல்போனில் தட்டி அனுப்பலாம் என்றால், ஒரு எழுத்தைத் தொடப்போனால் நாலு எழுத்து விழுகிறது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் சாமுவேல், தினமும் ஒரு பக்கமாவது பேனாவால் எழுதுங்கள், விரல் வளையும் என்றார். ஸ்ரீராமஜெயம் எழுதேன் என்றார் என் வீட்டுக்காரர் நந்தகோபால். எனக்கு ராமரிடம் சண்டை எதுவும் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், வழக்கம்போல என் தலையை வாரி இரட்டைச் சடை போட்டுவிட்டாய். வழக்கம்போலப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டாய். "வர்றேம்மா" என்றாய். தினமும் சொல்வாய், தினமும் வருவாய். அன்றும் நம்பினேன். அடுத்த நாள் வேறொரு பெண் வந்தாள். அதற்கடுத்த நாளும் அவளே. கலை எங்கே என்று இமையால் எப்படிக் கேட்பது? ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை, எனக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். நான் படபடவென்று இமைத்ததைப் பார்த்து, சளி அடைக்கிறது போல என்று குழாயை விட்டு உறிஞ்சினாள். கடைசியில் ஒரு நாள் உங்கள் ஜோதி சிஸ்டர் என் கட்டிலுக்கு மேலேயே யாரிடமோ, "கலையா? அது ஆம்பூர்ல ஷூ கம்பெனி கிளினிக்குக்குப் போய்ட்டு எவ்ளோ நாளாச்சு" என்றார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கண் உலர்ந்து எரிகிறது போல என்று சொட்டு மருந்து விட்டார்கள்.

அந்த ஜோதி சிஸ்டரிடம்தான் உன் விலாசம் வாங்கினேன். நீ எனக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறாய். அதோடு ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் வந்து தங்கி என்னைப் பார்த்துக்கொள்வாயா? சம்பளம், வசதி எல்லாம் நீ சொல்கிறபடி. போனில் வேண்டாம், எழுதித்தான் சொல்ல வேண்டும். எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர்


ஆம்பூர்
20.8.2024

மனோரமா அம்மாவுக்குக் கலையரசியின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், பேனா பிடிக்கிறீர்கள் அம்மா!

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் பேசியதெல்லாம் உங்களுக்குக் கேட்டதா? நோயாளிக்குக் காது கேட்கும், பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் பதில் வராத இடத்தில் பேசிப் பேசி, யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. என் மாமியாரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

சொல்லாமல் போனது தப்புதான். ஆனால் போகிறேன் என்று எப்படி அம்மா சொல்வது? நம் பக்கத்தில் யார் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்? அதுவும் அந்த வார்டில், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. நாக்கு வழக்கப்படி "வர்றேம்மா" என்றுதான் சொன்னது. வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு ஓடிவிட்டேன்.

வேலையை விட்டதற்கு முதுகுவலிதான் காரணம். ஆளைப் புரட்டிப் புரட்டி இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். இரவு ட்யூட்டி முடித்து ஆம்பூர் வந்து சேர்வதற்குள் மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. கம்பெனி கேட்டை ஒட்டி இரண்டு அறை, வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே ரெக்சின் விரித்த ஒரு கட்டில். அதில் யாரும் படுப்பதில்லை. விரலில் ஊசி ஏறியவர்கள், பசை நாற்றத்தில் தலை சுற்றியவர்கள், வயிற்றுவலிக்காரர்கள் வருவார்கள். பார்த்து, மருந்து கொடுத்து, லைனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் காலையில் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போவார். ஞாயிறு லீவு.

நீங்கள் கேட்டதற்கு நான் எப்படி அம்மா சரி என்பேன்? முதுகு இடம் கொடுக்காது. உங்களைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளாக நானே விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கலையரசி


குடியாத்தம்
2.9.2024

அன்புள்ள கலை,

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். உன் மாமியார் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்கியது, உன் வீட்டுக்காரர் கார்முகிலன் உன்னோடு பேசாமல் இருந்த வாரம் முழுக்க நீ அவருக்கு உப்பில்லாத உப்புமா கட்டிக்கொடுத்தது, அவர் மூச்சுவிடாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தது, உன் மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்று அரிப்பு தாங்காமல் நகர்ந்துவிட்டது. ஒன்றையும் மறக்க மாட்டேன். பயப்படாதே, வெளியே சொல்லக் குரல் எங்கே இருக்கிறது எனக்கு.

அந்தப் பேச்சு இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். எங்கள் வீட்டில் கீழே விசைத்தறி, மேலே நாங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லுங்கித் தறி ஓடுகிற சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன். அங்கே அந்த மூச்சு மெஷினும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. தறி நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், இது நின்றால் நான் போய்விட்டேன் என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கிடப்பேன். அந்த நேரத்தில் நீ வந்து ஃப்ரிட்ஜ் பூட்டுக் கதையைச் சொல்வாய். சிரிக்க வாய் அசையாது. உள்ளுக்குள் வயிறு குலுங்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை மூன்று பேரை விரட்டிவிட்டேன். முதலில் வந்தவள் எனக்கு ஊட்டிக்கொண்டே சீரியல் பார்த்து, ரசத்தைக் காதில் ஊற்றினாள். இரண்டாவது ஆள் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டாள். மூன்றாவது பெண் தேவிகா, பாவம், நல்லவள்தான். ஆனால் அவள் பிடித்தால் வலிக்கிறது.

என் காலுக்குத் தெம்பு வந்துவிட்டது என்கிறார் சாமுவேல். நந்தகோபால் தறி மெக்கானிக்கை வைத்து ஹால் சுவர் நெடுக இரும்புக் குழாய் பொருத்திவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி. நான் நிற்கவில்லை, கலை. முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உனக்கு மட்டும் நிஜம் சொல்கிறேன், பயம். விழுந்தால் மறுபடி அந்தக் கூரை. பொங்கலுக்குள் நிற்காவிட்டால் தசை இறுகிவிடும், அப்புறம் காலம் முழுக்க நாற்காலிதான் என்று சாமுவேல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நீ பிடித்தால் நிற்பேன். உன் கை எனக்குத் தெரியும். மாடி அறை காலியாக இருக்கிறது, மகளையும் கூட்டி வா. இங்கேயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. தூக்கிப் புரட்டுகிற வேலை இல்லை, பிடித்துக்கொண்டால் போதும். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதற்கா அத்தனை படிப்பு படித்தாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மனோரமா


ஆம்பூர்
15.9.2024

அன்புள்ள அம்மா,

கடைசி வரியைப் படித்துவிட்டு நாலைந்து நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நீங்கள் மட்டும் சொல்லவில்லை. ஜோதி சிஸ்டர் போன் செய்தால் "என்னா, பாராசிட்டமால் சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் தூங்கிச் சாய்ந்தபோது, என்னை அறியாமல் அவர் கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தாங்கிவிட்டேன். அவர் விழித்துக்கொண்டு பர்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

அவரிடம், கார்முகிலனிடம், உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "போறதுன்னா போய்ட்டு வா, ஆறு மாசம் நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று இரவே சரி, வருகிறேன் என்று உங்களுக்கு எழுதி உறையில்கூடப் போட்டுவிட்டேன். ஒட்டவில்லை.

இங்கே கோவிந்தம்மாள் என்று ஒருவர், பசை ஒட்டுகிற பிரிவு. தினமும் தலைவலி என்று வருவார். மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மாத்திரையை வாங்கிப் புடவையில் முடிந்துகொள்வதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். "தலைவலி இல்ல சிஸ்டர். இங்க வந்தா ரெண்டு நிமிசம் யாரும் சீக்கிரம் சீக்கிரம்னு கத்த மாட்டாங்க. அதான்" என்றார். அன்றிலிருந்து அவர் வந்தால் மாத்திரை கொடுப்பதில்லை, பி.பி. பார்க்கிறேன். மெதுவாக. பி.பி. பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எந்த சூப்பர்வைசருக்கும் தெரியாது.

அவரை வைத்துத்தான் உங்களைப் பற்றி யோசித்தேன். கோவிந்தம்மாளிடம் நான் எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை. அவரே வருகிறார், உட்காருகிறார், எழுந்து போகிறார். உங்களிடம் அப்படி இருக்க என்னால் முடியுமா? உங்களுக்கு மூக்கு அரித்தால் நீங்கள் இமைப்பதற்குள் சொறிந்துவிடுவேன். அதற்காக வார்டில் எனக்குப் பெயர் உண்டு. கலைக்குக் கேட்காமலே தெரியும் என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். அம்மா, நான் அங்கே வந்தால் அதையேதான் செய்வேன். உங்கள் கை தம்ளர் பக்கம் நீளுவதற்குள் என் கை அதை எடுத்துவிடும். உங்கள் கால் நடுங்குவதற்குள் உங்களை என் தோளில் சாய்த்துக்கொள்வேன். நீங்கள் நின்ற மாதிரி இருக்கும், ஆனால் நிற்பது நானாக இருப்பேன்.

தேவிகா பிடித்தால் வலிக்கிறது என்றீர்கள். அவள் உங்கள் எடையை உங்கள் காலில் விடுகிறாள், அதனால் வலிக்கிறது. அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

நான் வரவில்லை. வர ஆசையில்லாமல் சொல்லவில்லை. வந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. அந்தக் கையை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதப்போனேன். வேண்டாம், நன்றாகக் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
கலை


குடியாத்தம்
23.9.2024

கலையரசிக்கு,

கடிதம் கிடைத்தது. மாட்டேன் என்று சொல்வதற்கு இத்தனை பக்கம் எதற்கு? இரண்டு முறை இமைத்திருந்தால் போதும்.

இனி எழுத வேண்டாம். நான் ஸ்ரீராமஜெயமே எழுதிக்கொள்கிறேன்.

மனோரமா


ஆம்பூர்
3.11.2024

அன்புள்ள அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். தீபாவளி வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வார்டிலும் நீங்கள் பதில் சொல்லி நான் பேசினேனா என்ன? இப்போதும் அப்படியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் ஃப்ரிட்ஜ் பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்டார். தீபாவளிக்கு அரைத்த மாவு உள்ளே மாட்டிக்கொண்டது. கார்முகிலன் கத்தியை விட்டு நெம்பி, கதவின் ரப்பர் கிழிந்து, இப்போது ஃப்ரிட்ஜ் மூடுவதே இல்லை. பண்டிகையன்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்கு தின்றோம். மகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கோவிந்தம்மாளுக்கு மெதுவாகப் பி.பி. பார்த்துப் பார்த்து, நிஜமாகவே ஜாஸ்தியாக இருப்பது தெரிந்தது. டாக்டரிடம் காட்டி மருந்து ஆரம்பித்துவிட்டோம். "ஓய்வா உக்காரலாம்னு வந்தா நோயைக் கண்டுபுடிச்சிட்டியே" என்று என்னைத் திட்டுகிறார்.

வியாழக்கிழமை மதியம் தொழிலாளிகளின் வீட்டு ஆட்களும் வரலாம் என்று புது ஏற்பாடு. அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று பெஞ்சு போதாமல் கேட்வரை நிற்கிறார்கள். பெர்சனல் ஆபீசர் அமீர் பாஷா, "சிஸ்டர், இது கிளினிக்கா, சந்தையா?" என்று கேட்டுவிட்டு அவரும் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா, நின்றீர்களா? அது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விதான் வருகிறது. என்னால்தான் நிற்கவில்லை என்றாகிவிட்டால் என்ன செய்வேன்? கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அங்கே பயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

உங்கள்,
கலை


ஆம்பூர்
14.1.2025

அன்புள்ள அம்மா,

பொங்கலோ பொங்கல் என்று தெருவெல்லாம் சத்தம். சாமுவேல் சொன்ன பொங்கல் வந்துவிட்டது.

கடிதம் எழுத வேண்டாம். ஒரு தபால் அட்டையில் ஒரே ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். நின்றிருந்தால் நிமிர்ந்த கோடு. இல்லையென்றால் படுத்த கோடு. படுத்த கோடு வந்தால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன், மாதக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டேன். கார்முகிலனிடம் சொல்லிவிட்டேன்.

கலை


குடியாத்தம்
7.2.2025

கலை,

நேற்று வியாழக்கிழமை. மதியம் உன் கிளினிக்கில் கூட்டமா? மூன்று மணி வாக்கில் நீலப் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாகக் கட்டை மாதிரி விறைப்பாக நடந்து உள்ளே வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. நாற்பது பேரில் ஒருத்தி.

கோட்டுக்குப் பதில் நானே வந்தேனடி.

நடந்ததைச் சொல்கிறேன். வரவில்லை என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தேவிகாவைத் திரும்பக் கூப்பிட்டேன். உன் பேச்சைக் கேட்டு இல்லை, நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று உனக்குக் காட்டுவதற்காக. "புடி. நான் கத்தினாலும் விடாதே" என்றேன். அவள் விடவில்லை. நானும் நிறுத்தாமல் கத்தினேன், வராத குரலெல்லாம் அன்றுதான் வந்தது. கீழே தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் மாடிக்கு ஓடிவந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். நந்தகோபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்புறம் குழாயைப் பிடித்து நடந்தேன், பிறகு கைத்தடி, பொங்கலன்று படியிறங்கி வாசல் கோலம்வரை போனேன். உன் பொங்கல் கடிதம் வந்தபோது எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நேரில் போய் நிற்கலாம் என்று ஆசை.

தடியைக் காரிலேயே வைத்துவிட்டேன். கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டேன். நான் செய்த சூது அது மட்டும்தான். பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள், "உம் பையன் எந்த செக்‌ஷன்?" என்று கேட்டாள். கட்டிங் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அங்கிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லியாகிவிட்டாய். வார்டில் பேசிய அளவு பேசுவதில்லை, வந்தவர்கள் பேசுகிறார்கள், நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

என் முறை வந்தது. "உக்காரும்மா. இன்னா செய்யுது?" என்றாய். சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "கால் மரத்துப்போவுது" என்றேன். நீ உடனே தரையில் உட்கார்ந்து, என் செருப்பைக் கழற்றி, குதிகாலை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாய். அதே கை. உயிர் போய்விடும் போல இருந்தது. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். சொல்லிவிடுவாய், இதோ சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன்.

"இத அசால்ட்டா வுடாதீங்கம்மா. வேலூர் போய் நரம்பு டாக்டரப் பாருங்க" என்றாய்.

நரம்பு டாக்டர்! ஏழு மாதம் அவர் கையில் கிடந்துவிட்டு வந்தவளிடம் சொல்கிறாய். எழுந்து, "சரிம்மா" என்றுவிட்டு நடந்து வந்துவிட்டேன். காரில் ஏறியதும் நந்தகோபால், "இன்னா சொல்லிச்சு உன் கலை?" என்றார். சொன்னேன். சிரித்துச் சிரித்துப் பாலாற்றுப் பாலம் வரைக்கும் வண்டி ஆடிக்கொண்டே வந்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

எதற்கு வந்தேன் தெரியுமா? வந்தால் உங்களை நிற்கவிடாமல் கெடுத்துவிடுவேன் என்றாயே, இப்போது நான் நிற்கிறேன், இனி நீ தாராளமாக வரலாம் என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தேன். என் உடம்பில் நீ தொட்டுத் துடைக்காத இடம் ஒன்று உண்டா? அந்த உடம்பு எதிரே வந்து உட்கார்ந்தால் உனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தால்தான் நான் உனக்கு மனோரமாவா?

கோபமாக எழுதவில்லை. கோபமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும். வலிக்கிறது, அவ்வளவுதான்.

மனோரமா


ஆம்பூர்
12.2.2025

அம்மா,

உங்கள் கடிதம் கிளினிக்குக்கு வந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்காமல் வைக்க முடியவில்லை. நின்றுகொண்டு படித்தவள், தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதிருப்பேன் போல. அமீர் பாஷா சார் ஓடிவந்தார். "இன்னா சிஸ்டர், ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆய்டுச்சா?" என்றார்.

"எங்க பேஷண்ட் ஒருத்தங்க நிக்கிறாங்க சார்" என்றேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாருந்தான் நிக்கிறாங்க" என்றார்.

மறக்கவில்லை அம்மா. நீங்கள் போன பிறகு அந்த நீலப் புடவை அம்மாவைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். குதிகாலைப் பிடித்ததுமே என் கை நின்றுவிட்டது. தெரிந்த கால் இது, இங்கே புண் வராமல் நான் காவல் இருந்திருக்கிறேன் என்று கை சொன்னது. அதனால்தான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே யாரோ ஒரு உயரமான அம்மா. மூக்குத்தி, கண்ணாடி, வரிசையாகப் பல். என் மனோரமா அம்மாவின் பல் செட் கட்டிலுக்கு அடியில் டப்பாவில் இருக்கும். முகத்தில் பிளாஸ்டர், தலையில் இரட்டைச் சடை. என் மனதில் நீங்கள் குள்ளம் அம்மா. என் இடுப்புக்கு மேல் வர மாட்டீர்கள். எப்போதும் குனிந்துதானே உங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு உயரமா நீங்கள்?

கட்டிலில் கிடந்தால்தான் மனோரமாவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆமாம் என்று ஒரு முறை இமைக்க வேண்டியதுதான். ஆனால் அது உங்களை மட்டும் இல்லை. பதினோரு வருடம் அந்த வார்டில் இருந்தேன். எத்தனையோ பேரைப் புரட்டியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன். ஒருவர்கூட எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கொஞ்சம் தேறியதும் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் வேறு வார்டில் விட்டுவிட்டு வந்து, காலி இடத்தைத் துடைப்போம். செத்துப்போனவர்களை அனுப்பிவிட்டு வந்தும் அதே இடத்தைத்தான் துடைப்போம். துடைக்கும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொன்னேன், உங்களிடமும் எழுதினேன். வலி பொய்யில்லை. ஆனால் இங்கே வேலைக்கு வந்த முதல் நாள், ஒரு பெண் நடந்து உள்ளே வந்தாள், விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்து வெளியே போனாள். நான் வாசல்வரை வந்து அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று எனக்கே புரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

உங்களுக்கு வலிக்கும்படி செய்துவிட்டேன். அதற்கு வருத்தம்தான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த வருத்தத்துக்கு மேல் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது. அடையாளம் தெரியாத அளவுக்கு என் நோயாளி தேறிவிட்டார். எந்த நர்ஸுக்கு அம்மா இது கிடைக்கும்?

கிளினிக்கை விட்டு வர மாட்டேன். உங்களுக்கு இனி நர்ஸும் வேண்டாம். தேவிகாவையும் சீக்கிரம் அனுப்பிவிடலாம், அவளுக்கு வேறு யாராவது காத்திருப்பார்கள்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காலைப் பஸ்ஸில். மகளும் கார்முகிலனும் கூட வருகிறார்கள். மாமியாரையும் கூட்டி வருவேன், நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. மணி அடிப்பேன். அன்றைக்கு நந்தகோபால் ஐயாவையோ தேவிகாவையோ அனுப்ப வேண்டாம். நீங்களே எழுந்து, நீங்களே நடந்து வந்து, கதவைத் திறக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் வெளியே நிற்கிறேன்.

உங்கள்,
கலை